கடைசிக் காட்சி மட்டும் கலர்

ஜூன் 4

காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. நாலையும் ஒன்றாக விழுங்கினால் மத்தியானம் வரை வாயில் துருப்பிடித்த சாவியை வைத்திருப்பதுபோல இருக்கிறது. கழுத்தில் கட்டிய நெறி வற்றிக்கொண்டுதான் வருகிறது. டி.பி. என்றால் இருமல், கைக்குட்டையில் ரத்தம் என்று சினிமாவிலேயே பார்த்துப் பழகிய எனக்கு, அது கழுத்திலும் வரும் என்பது ஏப்ரலில்தான் தெரிந்தது. இந்த வகை யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் தொழிலில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சினிமாக்காரர்களுக்குப் பாதி தெரிந்தால் போதும், மீதிக்கு அவர்களே திரைக்கதை எழுதிவிடுவார்கள். இந்த வெயிலில் துப்பட்டாவைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு திரிகிறேன். ஸ்டைல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சாயங்காலம் மார்க்கெட் போனேன். தக்காளி எல்லாம் ஒரே காய். "என்னங்க, பழுத்ததே கிடையாதா?" என்றேன்.

"இதுக்கு மேல பழுத்தா ரசம்தாம்மா வைக்கணும்" என்றார் கடைக்காரர்.

வாய்க்கொழுப்பு. வாங்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 9

நன்மாறன் வந்திருந்தான். நான் ஒளிப்பதிவு செய்த ஒரு படத்தில் உதவி இயக்குநராக இருந்தவன். தனியாக எடுத்த முதல் படம் ஊற்றிக்கொண்டது. இப்போது இரண்டாவது படத்துக்குக் கதையோடு வந்திருக்கிறான். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அங்கே நாளெல்லாம் நின்றபடியே சேலை எடுத்துப் போடும் பொன்மணி என்ற பெண். வேலை நேரத்தில் உட்காரக் கூடாது. படத்தின் கடைசியில் வேலையை விட்டுவிட்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "எனக்கு ஒரு சேலை காட்டுங்க" என்கிறாள். அவ்வளவுதான் கதை. கேட்டு முடித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

இரண்டு வருடமாக என்னை யாரும் கூப்பிடவில்லை. இந்தப் படம் கை நழுவினால் பிறகு கல்யாண வீடியோதான். இதை அவனிடம் காட்டிக்கொள்ளாமல் டீ போட்டுக் கொடுத்தேன்.

"சேலைக்கடைக்கா. இந்தப் படத்துல கலர்தான் ஹீரோ" என்றான்.

வாயில் மறுபடி அந்தத் துருச் சுவை. மாத்திரையாக இருக்கும்.

ஜூன் 17

லொக்கேஷன் பார்க்கலாம் என்று ஒரு ஜவுளிக்கடைக்குள் வாடிக்கையாளர்போல நுழைந்தேன். இருபது வயதுப் பெண் ஒருத்தி சேலைகளை விரித்துக்கொண்டே போனாள். "இது அரக்குக்கா. இது கிளிப்பச்சை. இது ராமர் பச்சை, பார்டர் குங்குமக் கலரு." நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அந்தக் கடையில் விளக்குகள் படுமோசம். அரக்கையும் பச்சையையும் வாசல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். கொண்டுவந்து காட்டினாள். வெயிலும் இன்று மோசம்தான். இரண்டும் காய்ந்த வாழை இலை மாதிரியே தெரிந்தன.

அந்தப் பெண் ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றாள். "உனக்குப் பிடிச்ச கலர் எதும்மா?" என்று கேட்டேன்.

"சாயங்காலம் ஆச்சுன்னா எல்லாம் ஒண்ணுதாங்க்கா. மடிச்சு வைக்கணும், அவ்ளோதான்."

சேலை எதுவும் எடுக்கவில்லை. அவள் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 19

நன்மாறனிடம் சொல்லிவிட்டேன். இந்தப் படம் கறுப்பு வெள்ளையில்தான் வர வேண்டும்.

முதலில் சிரித்தான். "சேலைக்கடையையா?"

"சேலைக்கடைங்கிறதாலதான். ஊருக்கே கலர் காட்டுறவ அவ. பத்து மணி நேரம் நின்னவளுக்கு சாயங்காலம் எல்லாச் சேலையும் ஒண்ணுடா. ஜனங்க கடைக்குள்ள வந்து கலரைத் தேடணும், கிடைக்கக் கூடாது. அப்பத்தான் அவ கால்வலி அவங்களுக்குத் தெரியும்" என்றேன்.

எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. "இது எனக்கு ஏன்க்கா தோணல?" என்றான்.

நான் பேசியதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் சொன்னதைத்தானே சொன்னேன்.

ஜூன் 26

தயாரிப்பாளர் கனகவேல் அண்ணாச்சியைப் பார்க்கப் போனோம். சிவகாசிக்காரர். சாமிப் படக் காலண்டர் அடித்தே மேலே வந்த மனிதர். நாங்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுவரில் தொங்கிய முருகனைக் காட்டினார்.

"ஏம்மா, மயிலு பச்சையும் நீலமுமா மினுங்கலேன்னா இந்த முருகனையே எவனும் வாங்க மாட்டான். நீ என்னடான்னா சேலைக்கடையைக் கலரே இல்லாமக் காட்டுதேங்கே. டி.வி.காரன் வாங்குவானா? ஓ.டி.டி.காரன் வாங்குவானா?"

நன்மாறன் என் வசனத்தையே எனக்கு முன்னால் பேசினான். என்னைவிட நன்றாகப் பேசினான். அண்ணாச்சி ஒரு பாட்டாவது கலரில் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். "அப்படின்னா எனக்குப் படமே வேண்டாம்" என்று இவன் எழுந்துவிட்டான். அண்ணாச்சியின் அம்மாவும் ஒரு காலத்தில் ஜவுளிக்கடையில் நின்ற பெண்தானாம். அதனால் தப்பித்தோம்.

"சரி, எடுங்க. என் தலையெழுத்து" என்றார்.

வரும் வழியில் நன்மாறன் பைக்கில் பாடிக்கொண்டே வந்தான். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரே களைப்பு.

ஜூலை 8

சுகாதார நிலையத்தில் மாதாந்தர மாத்திரை. நர்ஸம்மா நல்ல மாதிரி. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே கேள்விகள்.

"கண்ணு எப்படி இருக்கு? கலரெல்லாம் சரியாத் தெரியுதா? வித்தியாசம் தெரிஞ்சா உடனே சொல்லணும். இந்த மாத்திரை சில பேருக்குக் கண்ணைப் பிடிக்கும்."

"எல்லாம் தெரியுது சிஸ்டர்."

"யூரின் ஆரஞ்சு கலர்லதானே போகுது? அது மாத்திரையோட கலர்தான், பயப்பட வேண்டாம்."

"ஆமா சிஸ்டர்."

ஆரம்பத்தில் அப்படித்தான் போனது, பார்த்துப் பயந்தே போனேன். இப்போது அந்த ஆரஞ்சு இல்லை. உடம்புக்கு மாத்திரை பழகிவிட்டதோ என்னவோ. இதையெல்லாம் போய் என்னவென்று சொல்வது?

ஜூலை 20

தூங்கினேன். எழுந்தேன். மறுபடி தூங்கினேன்.

ஆகஸ்ட் 12

டெஸ்ட் ஷூட். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கடை செட்டில் பொன்மணியாக நடிக்கும் பெண்ணை யூனிஃபார்ம் சேலையில் நிறுத்தியிருந்தோம். பின்னால் அலமாரி நிறையச் சேலைகள். கேமரா மானிட்டரைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் ஆளையே காணோம். சேலையும் அலமாரியும் ஒரே சாம்பலாகிவிட்டன, தலை மட்டும் தனியாக மிதந்தது. கறுப்பு வெள்ளையில் இது நடக்கிறதுதான். கலர் வேறாக இருந்தாலும் சாம்பல் ஒன்றாகிவிடும்.

"பின்னாடி இருக்கிறதை மாத்துங்க" என்றேன். உடைக்குப் பொறுப்பான மெஹருன்னிசா, அலமாரியில் இருந்ததை எல்லாம் இறக்கிவிட்டு வேறு அடுக்கை ஏற்றினாள். மானிட்டரைப் பார்த்தால் அதே கதை. மறுபடியும் தலை மட்டும் மிதந்தது. செட் முழுக்க ஒரே சிரிப்பு.

"மேடம், கண்ணால பார்த்தா பச்சைக்குப் பின்னாடி ரத்தச் சிவப்பு இருக்கு. கண்ணைக் குத்துது. இதுல பாருங்க, ரெண்டும் ஒண்ணாக் கெடக்கு!" என்றாள் மெஹர்.

நானும் சிரித்தேன். எல்லோரும் செட்டையும் மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படியே பார்த்தேன். எனக்கு அங்கேயும் ஒன்றுதான், இங்கேயும் ஒன்றுதான். அடுக்கை மாற்றியதே எனக்குத் தெரியவில்லை.

அசோசியேட் கேமராமேன் வைரவன் சிரிக்கவில்லை. பதினைந்து வருடமாக என்னோடு இருக்கும் மனிதர். காரைக்குடிக்காரர், அதிகம் பேசமாட்டார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தக்காளி பழுத்துத்தான் இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 13

சொன்னால் மாத்திரையை நிறுத்துவார்கள். கண் டாக்டர், பரிசோதனை என்று விஷயம் வெளியே வரும். கலர் தெரியாத ஒளிப்பதிவாளரை எவன் வைத்துக்கொள்வான்? அக்டோபரில் மாத்திரை எப்படியும் முடிந்துவிடும். அதுவரை இது கறுப்பு வெள்ளைப் படம். யாருக்கும் என் கண்ணால் நஷ்டம் இல்லை.

கண் போனால் எனக்குத்தானே நஷ்டம் என்று எழுதிவிட்டு அடித்தேன். அடித்ததையே திரும்ப எழுதுகிறேன், கண் போனால் எனக்குத்தான் நஷ்டம். பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 3

முதல் நாள் படப்பிடிப்பு. பூசணிக்காய் உடைத்தார்கள். அதற்குள் தடவிய குங்குமம் ரோட்டில் சேறு மாதிரி கிடந்தது.

செப்டம்பர் 11

உடம்பு அடித்துப்போட்டதுபோல இருக்கிறது. இருந்தாலும் இதை எழுதாமல் படுக்க மனம் வரவில்லை. இன்று எடுத்ததைப் போல வெளிச்சத்தை நான் இதுவரை எடுத்ததில்லை. பொன்மணி கடை மூடிய பிறகு தரையில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிடுகிற காட்சி. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் வரும் தெரு வெளிச்சத்தை மட்டும் வைத்தேன். அவளுடைய கணுக்காலில் வீக்கம் தெரிந்தது. மேக்கப் இல்லை, இந்த ஒரு வாரமாக நின்று நின்றே வந்த வீக்கம்.

முன்பெல்லாம் ஃப்ரேமுக்குள் ஏதாவது ஒரு கலர் வந்து என் கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே தீர்ந்துபோகிறது என்பதை மட்டும் பார்க்கிறேன். நன்மாறன் கட் சொல்ல மறந்து மானிட்டர் முன்னாலேயே நின்றான். சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு நிலையில் சந்தோஷப்படுவது தப்போ என்றும் இருந்தது.

வைரவன் பக்கத்தில் வந்து, "மேடம், கண்ணுக்கு ஓய்வு குடுங்க" என்றார்.

"ஏன்?"

"சும்மா சொன்னேன்."

செப்டம்பர் 24

என் கையெழுத்து பெரிதாகிவிட்டது. இல்லாவிட்டால் வாசிக்க முடியவில்லை. நேராகப் பார்க்கிற எழுத்து மங்கி, பக்கத்தில் இருக்கிற எழுத்துகள் தெரிகின்றன. இன்னும் கொஞ்ச நாள்தான்.

அக்டோபர் 2

படப்பிடிப்புக்கு லீவு. காலையிலேயே நன்மாறன் மூச்சிரைக்க மாடியேறி வந்தான்.

"அக்கா, கிளைமாக்ஸ் கிடைச்சிருச்சு. பொன்மணி நாற்காலியில உக்கார்றா. 'எனக்கு ஒரு சேலை காட்டுங்க'ங்கிறா. அந்தப் பொண்ணு சேலையை எடுத்து உதறி விரிக்குது. விரியும்போதே படம் கலராகுது! படம் பூரா தேடின கலர் அந்த ஒரு இடத்துல வருது. அண்ணாச்சிகிட்ட சொன்னேன், போன்லயே விசில் அடிக்கிறாரு."

நான் எழுந்து போய் அடுப்பில் பாலை வைத்தேன்.

"நல்லா இல்லையாக்கா?"

நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. படம் தொடங்கிய நாளிலிருந்து அந்த முடிவைத்தான் தேடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் ஒழுங்காக இருந்திருந்தால் நானே அதைச் சொல்லியிருப்பேன். அவன் போன பிறகு அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்ததைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 4

வேண்டாம் என்று வாதாடிப் பார்த்தேன். வித்தைபோல இருக்கும் என்றேன், ஏற்கெனவே பலர் செய்ததுதான் என்றேன். நன்மாறன் என் அம்பையே எடுத்து என்மேல் எய்தான்.

"நீங்கதானேக்கா சொன்னீங்க, சாயங்காலம் ஆனா அவளுக்கு எல்லாம் ஒண்ணுன்னு? அப்ப ஒரு நாளாவது அவளுக்கு விடியணும்ல?"

தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். கடைசிக் காட்சி ஒன்பதாம் தேதி.

அக்டோபர் 6

கடைசிக் காட்சிக்குச் சேலை தேர்ந்தெடுக்க எல்லோரும் கூடியிருந்தோம். மெஹர் ஒரு நீள மேசையில் சேலைகளை மடித்து வரிசையாக வைத்திருந்தாள். நன்மாறன், அண்ணாச்சி, வைரவன், பொன்மணியாக நடிக்கும் பெண் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கேமரா மேடம் சொன்னால் சரி என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார்.

மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். தொட்டுப் பார்ப்பதுபோல நடித்தேன். கடைசியில் ஓரமாக இருந்த ஒன்று கைக்கு மெத்தென்று இருந்தது. துவைத்துத் துவைத்து வந்த மென்மை என்று அப்போது தோன்றவில்லை. "இது" என்று எடுத்துக் கொடுத்தேன்.

வைரவன் சட்டென்று என் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார்.

"மேடம்..." என்று மெஹர் ஆரம்பித்தாள். அதற்குள் நன்மாறன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"யூனிஃபார்மா! அக்கா! அவ ஆசைப்பட்டுக் கேக்குற சேலையும் அதே யூனிஃபார்ம் பச்சையா? கலர் வருது, ஆனா அவளுக்கு விடுதலை வரல. அப்படித்தானே? மொத்தக் கிளைமாக்ஸையே புரட்டிப் போட்டுட்டீங்களேக்கா!"

அயர்ன் பண்ணி வந்த பொன்மணியின் யூனிஃபார்ம் அந்த மேசை ஓரத்தில் இருந்திருக்கிறது. ஒரு மாதமாக நான் தினம் தினம் படம் பிடித்த சேலை.

அண்ணாச்சி ஒன்றும் புரியாமல் விழித்தார். நன்மாறன் பேப்பரைத் தேடி எழுத ஆரம்பித்துவிட்டான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தப்பித்தேன். மேதை என்ற பெயரும் கிடைத்திருக்கும். ஆனால் பொன்மணிக்குக் கடைசிவரை ஒரு நல்ல சேலை கிடைக்காமல் போயிருக்கும். அவன் எழுதிக்கொண்டிருந்தது படத்தின் முடிவு இல்லை, என் மாத்திரையின் பக்கவிளைவு. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. பொய் சொல்லச் சொல்ல அலுத்தே போய்விட்டது.

"எழுதாதே மாறா" என்றேன். "அது யூனிஃபார்ம்னு எனக்குத் தெரியல. பச்சைன்னும் தெரியல. ஜூன்லேர்ந்தே எனக்குக் கலர் தெரியல. டி.பி. மாத்திரை சாப்பிடுறேன்."

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். நன்மாறன் பேனாவை மூடினான்.

"அப்ப அன்னைக்கு ஜன்னல்கிட்ட நான் அழுதேனே. அது?"

"நான் பேசினது எனக்காகத்தான். என் கண்ணை எனக்கே மறைக்கத்தான் பேசினேன்."

"பொய்."

"அன்னைக்குப் பொய்தான். எடுக்க எடுக்க நெஜமாயிடுச்சு."

அவன் பேப்பரைக் கசக்கி மேசையில் போட்டுவிட்டு வெளியே போனான். வைரவன்தான் தன் வண்டியில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"டெஸ்ட் ஷூட் அன்னைக்கே தெரியும் மேடம். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். இருந்திருக்கக் கூடாது" என்றார்.

அக்டோபர் 7

கண் டாக்டர் புள்ளி புள்ளியாக வட்டங்கள் உள்ள புத்தகத்தை விரித்தார். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஓர் எண் இருக்குமாம். பக்கம் பக்கமாகத் திருப்பினார். முதல் பக்கத்தில் மட்டும் எனக்கு எண் தெரிந்தது. அது கலர் தெரியாதவர்களுக்கும் தெரியுமாம்.

"எப்ப வந்திருக்கணும் நீங்க?"

"ஜூன்ல."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கண்ணைக் கெடுத்த அந்த ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், மற்றதை மாற்றிக் கொடுத்தார்கள். பார்வை திரும்புமா என்று கேட்டேன். மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு முழுதாக வரும், சிலருக்கு வராது என்றார். ஜூனிலேயே வந்திருந்தால் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 9

காலையில் நன்மாறனிடமிருந்து போன். "வாங்க. கேமரா வைரவண்ணன்தான். லைட் நீங்க பண்ணுங்க." வைத்துவிட்டான். அக்கா என்று சொல்லவில்லை.

போனேன். எங்கே விளக்கு, எந்த உயரம் என்று நான் சொன்னேன். கலரை வைரவன் பார்த்துக்கொண்டார். அவர் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றதைப் பார்த்ததும் பொறாமையாக இருந்தது. பதினைந்து வருடமாக அவர் எனக்குப் பின்னால் நின்றதும் அப்போதுதான் உறைத்தது.

பொன்மணி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். படம் முழுக்க நின்றவள் உட்கார்ந்தாள். அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். "எனக்கு ஒரு சேலை காட்டுங்க." கடைப்பெண் எடுத்து உதறி விரித்தாள். மானிட்டரை அந்த நேரத்தில் கறுப்பு வெள்ளையிலிருந்து கலருக்கு மாற்றினார்கள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். மெஹர் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடேயப்பா, என் முருகா" என்றார் அண்ணாச்சி. கை தட்ட ஆரம்பித்தார்கள்.

எனக்கு மட்டும் படம் மாறவே இல்லை. அதே பெண், அதே துணி, நான் வைத்த வெளிச்சம். நானும் கை தட்டினேன்.

கைதட்டல் ஓய்ந்தபோது நன்மாறன் என் பக்கத்தில் நின்றிருந்தான். காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்காதவன் அப்போதும் பார்க்கவில்லை. மானிட்டரைப் பார்த்தபடியே சொன்னான்.

"அரக்கு. கரை மாம்பழ மஞ்சள். முந்தானையில கொஞ்சம் பச்சை."

"சரிடா" என்றேன். அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லோர் முன்னாலும் அழுதேன்.

நவம்பர் 21

இன்னும் நிறம் வரவில்லை. எழுத்து கொஞ்சம் சிறிதாகியிருக்கிறது.

மார்க்கெட் போனேன். "அரைக் கிலோ தக்காளி. நல்ல பழமா நீங்களே பொறுக்கிப் போடுங்க" என்றேன்.

"ஏம்மா, அன்னைக்குக் காய்னு மொறைச்சுட்டுப் போனீங்க?"

"அன்னைக்கு நான்தான் சரியாப் பார்க்கல."

அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். வீட்டுக்கு வந்து ஒன்றை நறுக்கினேன். பழுத்த வாசனை அடுப்படி முழுக்க வந்தது. ரசம் வைத்தேன்.